விளக்குமாற்றோடு வந்த பிள்ளை

தெல்லிப்பழைக்கு வடக்கே உள்ள ஒரு கமக்காரர் சங்கத்துக்கு நமசிவாயம் பதினொரு வருடமாகத் தலைவர். இந்தப் பதினொரு வருடத்தில் கூட்டத்தில் எழும்பி நின்று அவரை எதிர்த்துக் கதைத்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் அடுத்த மாதமே கனடாவுக்குப் போய்விட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நமசிவாயம் சொல்வார். சொல்லும்போது மீசைக்குள் ஒரு சிரிப்பு இருக்கும்.

மனிதர் நல்லவர். ஊர் அலுவல் என்றால் சாப்பாட்டையும் மறந்து ஓடித் திரிவார். சகுனம் பார்ப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. படலையைத் திறக்கும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். ஒருமுறை வங்கியில் கையெழுத்துப் போடப் போன அன்று மூன்று தரம் அப்படித் திரும்பி வந்து, கடைசியில் வங்கி பூட்டிய பிறகு போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அவர் பூனையைத் திட்டினாரே ஒழிய வேறொருவரையும் குறை சொல்லவில்லை.

அப்படிப்பட்டவருடைய தலைமையில்தான் சங்கத்துக்கு ஐதரசன் வந்தது.

ஒவ்வொரு வருடமும் விதைக்கிழங்குக்காகக் கப்பலைப் பார்த்துக் காத்திருக்கிற ஊர் அது. பங்குனியில் கிண்டிய உருளைக்கிழங்கைக் கார்த்திகை வரை அழுகாமல் வைத்திருக்க முடிந்தால் விதைக்கு ஒருவரிடமும் போய் நிற்கத் தேவையில்லை. அதற்குக் குளிர் அறை வேண்டும். குளிர் அறைக்கு இரவு பகலாய் மின்சாரம் வேண்டும். வெளிநாட்டு உதவியோடு ஒரு நிறுவனம் அதற்கு வழி சொன்னது. பகல் வெயிலில் எடுக்கிற மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் வாயுவைத் தாங்கியில் அடைத்து வைப்பது. வெயில் போன பிறகு, குளிர் அறையோடு பொருத்திய கருவியால் அந்த வாயுவிலிருந்து மின்சாரம் எடுப்பது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐதரசன் என்றவுடன் ஊருக்கு அடுத்ததாக ஞாபகம் வந்த சொல் குண்டு.

குண்டு என்றால் அந்த ஊருக்கு விளக்கம் தேவையில்லை. அதற்குப் பயந்து ஓடி, இருபத்தைந்து வருடம் இராணுவத்தின் முட்கம்பிக்கு வெளியே நின்று தங்கள் காணியை எட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் திரும்பி வந்தார்கள். மறுபடி ஒரு குண்டைத் தாங்களே அழைத்து வந்து நடுக்காணியில் வைப்பதா என்று கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நிறுவனம் யசிந்தாவை அனுப்பியது. குருநகர்ப் பிள்ளை. கடலுக்குப் போகிற குடும்பம். இருபத்தேழு வயது, மெல்லிய உடம்பு, குரல் மட்டும் கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுகிற குரல். வாயுத் தாங்கிகளைப் பார்க்கிற வேலையை முறையாகப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

கூட்டத்தில் நமசிவாயமே கேட்டார். "பிள்ளை, சுத்தி வளைக்காமல் சொல்லும். உது வெடிக்குமோ, வெடிக்காதோ?"

"கவனமில்லாமல் விட்டால் வெடிக்கும் ஐயா," என்றாள் அவள். "உங்கடை குசினியிலை இருக்கிற காஸும் அப்பிடித்தான். ஆனால் குண்டு வேறை, இது வேறை. இது சரியான லேசு. வெளியிலை ஒழுகினால் பெற்றோல் மாதிரி நிலத்திலை படராது, நேரை மேலை போய்க் காத்தோடை கலைஞ்சிடும். அதாலைதான் தாங்கியை வெட்டையிலை வைக்கிறம். கூரையுள்ள இடமெல்லாம் உச்சியிலை துவாரம் விடுறம். அடைச்சு வைச்சால்தான் ஆபத்து."

வெடிக்கவே வெடிக்காது என்று அவள் சொல்லியிருந்தால் நமசிவாயம் நம்பியிருக்க மாட்டார். வெடிக்கும் என்று சொன்னதால் நம்பினார். அன்றிலிருந்து ஊரில் யார் குண்டென்று வாயெடுத்தாலும், "லேசான சாமான் கண்டியோ, மேலை போயிடும்," என்று தானே கண்டுபிடித்தவர் போல விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் விளக்குமாற்றைக் கையில் எடுக்கும் வரை.

நீளமான கம்பு ஒன்றின் நுனியில் தென்னை ஈர்க்கு விளக்குமாறு கட்டியிருந்தாள். காலையில் வந்ததும், குழாயில் வாயு ஓடுகிற நேரம், அதைத் தனக்கு முன்னால் நெஞ்சு உயரத்துக்கு நீட்டிப் பிடித்தபடி, தாங்கியடியிலிருந்து குளிர் அறை வரைக்கும் குழாயோடு குழாயாக மெல்ல நடப்பாள். பெருக்குவதில்லை. காற்றைத் துழாவிக்கொண்டு போவாள். சங்கத்துக்கு வருகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நமசிவாயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஒருத்தி விளக்குமாற்றை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு எதிரே வந்தால் அந்த நாள் விளங்குமா? விளக்குமாறு பட்டாலே தோஷம். நீட்டினால் அது அடிப்பதற்குச் சமம்.

"உதென்ன பிள்ளை கோலம்?" என்று கேட்டார்.

"இந்த வாயு பத்தி எரிஞ்சால் பகலிலை கண்ணுக்குத் தெரியாது ஐயா. நிறமில்லை, புகையில்லை, மணமில்லை. விறகு நெருப்பு மாதிரிச் சூடும் தூரத்துக்கு அடிக்காது. கிட்டப் போனாலும் தெரியாது, உடம்பு பட்டால்தான் தெரியும். அதைப் பாக்கிற கமரா ஒண்டு வரவேணும், இன்னும் வரேல்லை. அது வாற வரைக்கும் இதுதான். நெருப்பு இருந்தால் எனக்கு முன்னம் விளக்குமாறு எரியும். உலகம் முழுக்க முந்தி இப்பிடித்தான் பாத்தவை."

"உலகம் முழுக்கச் சகுனம் பாக்கிறேல்லை. நாங்கள் பாக்கிறம்."

அவள் சிரித்தாள். ஆனால் விடவில்லை. அடுத்த நாளும் விளக்குமாற்றோடு வந்தாள். அவரும் அடுத்த நாளிலிருந்து சங்கத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தி வரத் தொடங்கினார்.

பங்குனி மாதம் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். சோதிடரிடம் கேட்டு, காலை பத்து இருபதிலிருந்து பத்து ஐம்பதுக்குள் நேரம் எடுத்தது நமசிவாயம்தான். விழாவில் விளக்கேற்றக் கூடாது, கற்பூரம் கொளுத்தக் கூடாது என்று யசிந்தா சொன்னபோது ஒருவாறு ஒத்துக்கொண்டார். விளக்கில்லாத விழாவா என்று ஊர் கேட்டதற்கும் அவரே பதில் சொன்னார். அதற்குப் பதிலாகத் தலைவரின் மனைவி, சுமங்கலி, முதல் கிண்டிய கிழங்கைப் பனையோலைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு வலது கால் வைத்துக் குளிர் அறைக்குள் போகவேண்டும் என்று முடிவானது. குணலட்சுமி அதற்கென்று பச்சைக் கூறைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டுத் தட்டி வைத்தார்.

முதல் நாள் பின்னேரம் யசிந்தா பஸ் ஏறிப் போன பிறகு, நமசிவாயமும் செயலாளர் வாகீசனும் குலையோடு இரண்டு வாழை கொண்டுவந்தார்கள். குளிர் அறை வாசலில் இரண்டு பக்கமும் கட்டவேண்டும். வலது பக்கம் சுவரோடு ஒரு கம்பம் இருந்தது. இடது பக்கம் ஒன்றுமில்லை, வாயுக்குழாயைத் தாங்கி நின்ற இரும்புத் தூணைத் தவிர.

"அண்ணை, இது குழாய்த் தூணெல்லோ?" என்றார் வாகீசன்.

"தூண் எண்டால் தாங்கத்தானே செய்தது," என்றார் நமசிவாயம். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். கதலிக்குலை, ஏழு சீப்பு. கட்டி முடிந்ததும் நாலடி தள்ளி நின்று பார்த்தார். கலியாண வீடு மாதிரி இருந்தது. அன்றிரவு முழுக்கக் கச்சான் காற்று வாழையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

போகிற வழியில், தாங்கிக்குப் பக்கத்தில் விளக்குமாறு சாத்தியிருப்பதைக் கண்டார். நாளைக்குப் பெரிய ஆட்கள் வருவார்கள். படம் எடுப்பார்கள். படத்தில் விளக்குமாறு விழுமா, அல்லது அந்தப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்குமா என்று யோசித்தார். எடுத்துக்கொண்டு போய்க் கக்கூஸுக்குப் பின்னால் சுவரோடு ஒளித்து வைத்தார்.

மறுநாள் காலை யசிந்தா வந்ததும் வாழையைத்தான் முதலில் கண்டாள்.

"ஐயா, இதை இந்தத் தூணிலை கட்டக் கூடாது. அவிட்டு அங்காலை ஒரு கம்பு நட்டுக் கட்டுவம்."

"சுபகாரியத்துக்குக் கட்டின வாழையை, காரியம் முடிய முன்னம் அவிழ்க்கிறதோ?" நமசிவாயத்துக்குச் சால்வை தோளிலிருந்து நழுவிவிட்டது. "ஆரும் கேட்டால் சிரிக்கப் போகினம். மத்தியானம் நானே அவிட்டுத் தாறன் பிள்ளை. இப்ப விடும்."

வந்திருந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் தூணை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள். குழாயில் அப்போது வாயு இல்லை. தாங்கி வால்வு பூட்டியிருந்தது. திறந்தவுடன் முதல் வேலையாக விளக்குமாற்றோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டால் சரி என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு மேளம் வந்துவிட்டது. பத்தேகாலுக்குப் பிரதேச செயலகத்திலிருந்து விருந்தினர் அம்மா வந்தார். சந்தனம், குங்குமம், பன்னீர். யசிந்தாவோ தாங்கிக்கு முன்னாலும் பின்னாலும் எதையோ தேடிக்கொண்டு திரிந்தாள். "என்ரை விளக்குமாத்தைக் கண்டனீங்களோ?" என்று வாகீசனைக் கேட்டாள். வாகீசன் உண்மையாகவே காணவில்லை. நமசிவாயத்தைக் கேட்க வந்தாள். அவர் விருந்தினருக்கு இளநீர் கொடுக்கும் அவசரத்தில் இருப்பவர் போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து முப்பது. நேரம் ஓடுகிறது. முதலில் யசிந்தா கைகாட்ட வேண்டும், பிறகுதான் விருந்தினர் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது ஒழுங்கு. யசிந்தா கண்ணில் படவில்லை. "அழுத்துங்கோ அம்மா, நேரம் போகுது," என்றார் நமசிவாயம். விருந்தினர் அழுத்தினார். தாங்கி வால்வு திறந்தது. மேளகாரர் கெட்டிமேளம் கொட்டினார்கள். றோட்டில் யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். வெடியிலிருந்து பறந்த பொறியா, குழாய் மூட்டில் உரசிய தூசியா, எது பற்ற வைத்தது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அந்த வாயுவுக்கு அவ்வளவு காணும்.

குணலட்சுமி கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குளிர் அறையை நோக்கி நடக்கத் தொடங்கினார். நமசிவாயம் இரண்டடி பின்னால் போனார். முன்னால் வெள்ளைக் கதவு. இடப்பக்கம் வாழை, வலப்பக்கம் வாழை, மேலே மாவிலைத் தோரணம். பார்க்க அவ்வளவு வடிவு.

"நில்லுங்கோ அம்மா!"

தாங்கிப் பக்கமிருந்து யசிந்தா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். தவில் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது அந்தக் குரல். குணலட்சுமி நின்றுவிட்டார்.

நமசிவாயத்துக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. எடுத்த காலைப் பாதியில் நிறுத்துவதா? அதுவும் கதவுக்கு நாலடி முன்னால், இத்தனை பேர் பார்க்க? மனைவியின் காதுக்குக் கிட்டக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நீர் நடவும்."

குணலட்சுமி ஓரடி எடுத்து வைத்தார்.

இரண்டாவது அடி எடுக்கும்போது யசிந்தா வந்து சேர்ந்துவிட்டாள். பின்னாலிருந்து சேலைத் தலைப்பைப் பிடித்து ஒரே இழுவை. குணலட்சுமி மல்லாக்க அவள்மேல் சாய்ந்தார். கடகம் கவிழ்ந்து கிழங்கெல்லாம் நாலா பக்கமும் உருண்டது. சனம் ஆவென்றது. மேளம் நின்றது.

"விசரே உனக்கு?" என்று கத்தினார் நமசிவாயம். பதினொரு வருடத்தில் ஒரு பெண்பிள்ளையை அவர் அப்படிக் கேட்டதில்லை. "சுமங்கலியின்ரை சேலையைப் பிடிச்சு இழுக்கிறதோ? என்ன இருக்கு அங்கை? காட்டு பாப்பம், என்ன இருக்கு?"

அவள் மூச்சு வாங்கியபடி குணலட்சுமியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாயு அமுக்கம் விழுது ஐயா. எங்கையோ ஒழுகுது. தாங்கியைப் பூட்டிப்போட்டன், ஆனால் குழாய்க்குள்ளை இருக்கிறது இன்னும் வருது. பத்தியிருக்கோ தெரியேல்லை. எனக்கு விளக்குமாறு வேணும். ஆர் எடுத்தது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் பிழையெண்டால் நாளைக்கே வேலையை விட்டுட்டுப் போறன். விளக்குமாத்தைத் தாங்கோ."

இப்போது பேசாமல் நின்றால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர். நமசிவாயத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அவர் போனது நல்ல மனதினால் அல்ல, கோபத்தினால்தான். அவள் பிழையென்று எல்லோருக்கும் முன்னால் காட்டவேண்டும் என்ற கோபம். விருந்தினரையும் மேளகாரரையும் தாண்டி, சால்வையோடு கக்கூஸுக்குப் பின்னால் போய், விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊர் முழுக்கப் பார்த்தது. வாகீசன் கண்ணை மூடிக்கொண்டார்.

யசிந்தா கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "நானே பாக்கிறன்," என்றார்.

"அப்ப கம்பின்ரை அந்தலையிலை பிடியுங்கோ. மெல்லமா நீட்டுங்கோ. நீங்கள் அசையக் கூடாது."

நீட்டினார். முன்னால் ஒன்றுமில்லை. வெயில், அதற்கு அப்பால் வெள்ளைக் கதவு. கதவின் விளிம்பு கொஞ்சம் நெளிகிற மாதிரிப் பட்டது. பங்குனி வெயில் என்று நினைத்தார். வாழைத் தூணுக்கு நேரே, குணலட்சுமியின் முகத்து உயரத்தில், விளக்குமாற்று நுனி போனது.

ஈர்க்குகள் சடசடவென்று மஞ்சளாய்ப் பற்றி எரிந்தன.

ஒன்றுமில்லாத வெறும் காற்றில் எரிந்தன. நமசிவாயம் கம்பைப் பின்னுக்கு இழுத்தார். அது கையில் எரிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தைப் பார்த்தார். மறுபடி வெறும் வெயில்தான். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு அடி. அவர் சொன்ன சொல்லுக்கு அந்த மனிசி எடுத்து வைத்த அடி ஒன்று, நெருப்புக்குள் போக மிச்சமிருந்தது இரண்டு. எரிகிற நுனியை நமசிவாயம் மண்ணில் குத்தி அணைத்தார். கிழங்கு மூட்டை ஒன்றின்மேல் அப்படியே இருந்துவிட்டார்.

வாகீசன் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். யசிந்தா மறித்தாள். "வேண்டாம் அண்ணை, அணைக்கக் கூடாது. மிச்சம் எரிஞ்சு முடியட்டும். அணைச்சால் எரியாத வாயு வந்து சேரும், பேந்து அதுதான் ஆபத்து. எல்லாரையும் றோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, ஓடாமல் நடந்து."

நாலு நிமிடம். அவ்வளவுதான். அந்த நாலு நிமிடமும் வாழையின் ஒரு பக்கத்து இலை மட்டும், யாரும் தொடாமலே, கருகிச் சுருண்டுகொண்டிருந்தது. பிறகு யசிந்தா எரிந்து மிஞ்சிய விளக்குமாற்றை வாங்கி நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் பற்றவில்லை. மறுபடி நீட்டினாள். மூன்றாம் முறையும் பார்த்துவிட்டுக் கம்பைக் கீழே போட்டாள். அதன் பிறகுதான் அவள் நிலத்தில் குந்தினாள். குணலட்சுமி தன் கையாலேயே அவளுக்குத் தண்ணீர் பருக்கினார். விருந்தினருக்கென்று வைத்திருந்த செம்பு அது.

தன் மனைவி தீப்படாத முகத்தோடு அங்கே நிற்பதை நமசிவாயம் மூட்டைமேல் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட வேண்டும் போல் இருந்தது. யாரைக் கும்பிடுவது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஆனால் கை எழும்பவில்லை; அவ்வளவு வெட்கம்.

இரண்டு நாளில் கொழும்பிலிருந்து பொறியியலாளர் கீர்த்திகன் வந்து, சங்க மண்டபத்தில் மேசை போட்டு விசாரித்தார். வாழையின் பாரமும் காற்றும் சேர்ந்து தூணை ஆட்டியதில் குழாய் மூட்டுக் கழன்றிருக்கிறது என்பதை அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். பிறகு யசிந்தாவைக் கேட்டார்.

"வாழையைக் கண்டனான். அவிழ்க்கச் சொல்லிப்போட்டுப் பேந்து விட்டிட்டன். அது என்ரை பிழை," என்றாள் அவள். விளக்குமாற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வைத்த இடத்தில் இருக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

நமசிவாயம் எழும்பினார். "தம்பி, அந்தப் பிள்ளையின்ரை பேரை வெட்டும். வாழை கட்டினது நான். அவிழ்க்க விடாததும் நான். விளக்குமாத்தை ஒளிச்சதும் நான். கைகாட்ட முன்னம் பொத்தானை அமத்தச் சொன்னதும் நான். எழுதும்."

கீர்த்திகன் எழுதினார். எழுதிவிட்டு, "முகத்து உயரத்திலை, ஆக்கள் நடக்கிற பாதையோரம் மூட்டு வைச்சது எங்கடை பிழை ஐயா," என்றார். "தூணைக் கண்டால் ஆரும் வாழை கட்டுவினம் எண்டு படம் கீறின ஆக்கள் யோசிக்கேல்லை." குழாயைச் சுவருக்குப் பின்பக்கமாக மாற்றி, மூட்டைக் கம்பி வேலிக்குள் வைத்துத் தருவதாகச் சொன்னார். கமராவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். சங்கம் நமசிவாயத்தைப் பதவியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று. கேட்காத ஒன்று மிச்சமிருந்தது. 'நீர் நடவும்' என்று அவர் சொன்னது மேளச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. குணலட்சுமிக்கு மட்டும் கேட்டது. அந்த மனிசி அன்றிலிருந்து அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காலையில் தேத்தண்ணி வந்தது, மத்தியானம் சோறு வந்தது, கிணற்றடியில் வழக்கமான சத்தம் வந்தது. ஒரு நாள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும். சாப்பிடும்போது அவர் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் குருநகருக்குப் போனார்கள். ஒரு மூட்டை கிழங்கு, கத்தரிக்காய், வீட்டுக் கோழி முட்டை. போகும் வழியில் மல்லாகத்துக்குக் கிட்ட ஒரு பூனை குறுக்கே போனது. நமசிவாயம் ஓட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை.

யசிந்தாவின் வீடு கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. பூசை முடிந்து வந்த உடுப்போடு அவளுடைய தாய், பெயர் யோசப்பின், வாசலுக்கு வந்தார். மூட்டையைக் கண்டு திகைத்துப்போனார்.

"என்னத்துக்கு ஐயா இவ்வளவும்? இவள் அங்கை வேலைதானே செய்யிறாள்."

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தாய்க்குப் பின்னால் நின்று வேண்டாம் என்பது போலக் கண்ணைக் காட்டினாள். ஆனால் நன்றி சொல்ல வந்தவர் எதற்கென்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? நமசிவாயம் எல்லாவற்றையும் சொன்னார். வாழை, விளக்குமாறு, காற்றில் பிடித்த நெருப்பு. சொல்லச் சொல்ல யோசப்பினின் கை நெஞ்சுக்குப் போனது.

"அப்ப அவ்வளவு ஆபத்தான இடத்திலையோ என்ரை பிள்ளை நிக்கிறாள்?"

"உங்களுக்குக் கடல் தெரியும்தானே அம்மா," என்றார் நமசிவாயம். "பாத்துப் போறவனுக்குச் சோறு போடும். பாக்காமல் போனால்தான் பயம். உங்கடை பிள்ளை பாக்கிற பிள்ளை. பாக்காதவன் நான்."

யோசப்பின் குசினிக்குள் போனார். பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து குணலட்சுமிக்குப் பக்கத்தில் இருந்தார். சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததற்கு மகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அது போதாமல், தாய் மனசு, இன்னொன்றும் கேட்டார்.

"இவள் நில்லுங்கோ எண்டு கத்தினவள்தானே. நீங்கள் ஏனம்மா பேந்தும் நடந்தனீங்கள்?"

குணலட்சுமி கோப்பையைப் பார்த்தார். கணவனைப் பார்க்கவில்லை. "மேளச் சத்தம் தங்கச்சி," என்றார் அமைதியாக. "எனக்குக் கேக்கேல்லை."

நமசிவாயத்துக்கு உடம்பு கூசியது. ஐந்து நாளாக அந்த மனிசி வாய் திறக்காததற்குக் காரணம் கோபம் என்றே அவர் நினைத்திருந்தார். அது கோபமல்ல. அவருடைய மானத்தை குணலட்சுமி பொத்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்லை," என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "கேட்டது. கேட்டுத்தான் நிண்டவ. நான்தான் காதுக்குள்ளை நடவும் எண்டு சொன்னனான். என்ரை சொல்லுக்குத்தான் நடந்தவ. இந்த முகத்தை நான் நெருப்புக்குக் குடுக்கப் பாத்தனான், அம்மா. உங்கடை பிள்ளை பிடிச்சு இழுத்து எனக்குத் திருப்பித் தந்தது."

அன்றைக்கு எழும்பாத கை இப்போது எழும்பியது. அறுபது வயது மனிதர், சங்கத் தலைவர், இருபத்தேழு வயதுப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பினார். யசிந்தா பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

குணலட்சுமி தலைப்பால் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு, அந்த ஐந்து நாளில் முதல் தடவையாகக் கணவனை நேரே பார்த்தார்.

"சரி, ஆறப்போகுது," என்றார். "தேத்தண்ணியைக் குடியுங்கோ."